அந்தக் காலத்தில் விருப்பமே இல்லையா?

"எங்கள் காலத்தில் பெரியவர்கள் பார்த்து முடித்தார்கள். இப்போதுதான் பிள்ளைகள் தாங்களே தேடிக்கொள்கிறார்கள்." இணைத் தேர்வு என்றாலே மூத்தவர்கள் பலர் சொல்வது இதுதான். இது முழு உண்மையா? வாருங்கள் நேயர்களே, நம் தோட்டப்புற வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் முதலில் ரப்பர். பிறகு 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை. இவற்றுக்கு ஆள் கட்டி வந்தவர் கங்காணி. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1921-இல் மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்குப் பெண்கள் சுமார் 400 பேர்தான்! கப்பலேறும் முன் முகாமிலேயே அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஜோடிகளும் உண்டு. இங்கு வந்தபின் பிடிக்காதவனை விட்டு வேறொருவரோடு வாழப்போன பெண்களும் உண்டு. அன்றைய அதிகாரிகள் அதை ஒழுக்கக்கேடு என்று எழுதினார்கள். வரலாற்றாசிரியர் அருணிமா தத்தா 2021-இல் வெளியிட்ட நூலில், நெருக்கடியில் அப்பெண்கள் தாமே எடுத்த முடிவாக அதைப் பார்க்கிறார்.

ஆனால், மனம் யாரை நாடுகிறது? 1932-இல் அமெரிக்க ஆய்வாளர் போசார்ட், பிலடெல்பியா நகரின் 5,000 திருமண விண்ணப்பங்களைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு ஜோடிகள் ஐந்து தெருக்களுக்குள் குடியிருந்தவர்கள். அடிக்கடி பார்க்கும் முகம் பிடித்துப்போகும் என்று 1968-இல் உளவியலாளர் சயான்ஸ் காட்டினார். நம் லயத்தில் இது இன்னும் பொருந்தும். பெரட்டுக்களம், பால்கொட்டகை, மாரியம்மன் திருவிழா என்று எங்கும் அதே முகங்கள். அந்த முகங்களும் கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் அழைத்து வந்தவைதானே! மனம் தேர்ந்தெடுக்கும் முன்பே சாதியும் ஊரும் பாதி தேர்ந்தெடுத்துவிட்டன.

சட்டமும் கணவன் பக்கமே நின்றது. மனைவியை இன்னொருவன் 'மயக்கி' அழைத்துப் போனதாகப் புகார் செய்யும் உரிமை கணவனுக்கு மட்டுமே. மனைவிக்கு அந்த உரிமை இல்லை. அந்த 498-ஆம் பிரிவு செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில்தான். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. இருவரும் மனமுவந்து சம்மதிக்கிறார்கள் என்று பதிவதிகாரி உறுதி செய்யாமல் அதன்படி திருமணம் நடக்கக்கூடாது.

இன்று பிள்ளைகள் கல்லூரி, தொழிற்சாலை, கைத்தொலைபேசி என்று ஆயிரம் முகங்களைப் பார்க்கிறார்கள். பார்த்து முடித்தது பெரியவர்களா, பிள்ளைகளா என்ற வாதம் இருக்கட்டும். நம் வீட்டுப் பெண்ணோ பையனோ "வேண்டாம்" என்றால் அந்தச் சொல் செல்லுபடியாகுமா? அதை முதலில் கேட்டுக்கொள்வோம்.