லினக்ஸ் கணினிகளில் பல்லூடக இயக்கம்

லினக்ஸ் கணினிகளில் பல்லூடக இயக்கம் என்பது லினக்ஸ் கருனியை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்களில் ஒலிக்கோப்புகளையும் நிகழ்படங்களையும் இயக்கத் தேவையான மென்பொருள்களையும் அவற்றின் கட்டமைப்பையும் குறிக்கும். லினக்ஸ் வழங்கல் ஒன்றைப் புதிதாக நிறுவிய பயனரின் கணினியில் சில வகைக் கோப்புகள் இயங்காமல் போவதுண்டு. தொழில்நுட்பக் குறைபாட்டைக் காட்டிலும் காப்புரிமங்களும், மறைகுறியாக்கத்தை நீக்குவதற்கு எதிரான சட்டங்களுமே இதற்கு முதன்மைக் காரணங்களாக இருந்து வந்துள்ளன.

கட்டமைப்பு

ஏவிஐ, எம்பி4, எம்கேவி போன்றவை கொள்கலன் வடிவங்கள் ஆகும். இவற்றின் உள்ளே நிகழ்படமும் ஒலியும் தனித்தனித் தாரைகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வொரு தாரையும் ஒரு கொடெக் மூலம் சுருக்கப்பட்டிருக்கும். கோப்புப் பெயரின் நீட்சி கொள்கலனை மட்டுமே காட்டும். உள்ளே பயன்படுத்தப்பட்ட கொடெக்கைக் காட்டாது. ஆகவே ஒரே நீட்சி கொண்ட இரு கோப்புகளில் ஒன்று இயங்கி மற்றொன்று இயங்காமல் போகலாம்.

இயக்கி மென்பொருள் முதலில் கொள்கலனைப் பிரித்துத் தாரைகளை வேறாக்குகிறது. பின்னர் உரிய குறிவிலக்கி ஒவ்வொரு தாரையையும் விரிக்கிறது. இறுதியில் படம் வரைகலை அமைப்புக்கும், ஒலி ஒலி அமைப்புக்கும் அனுப்பப்படுகின்றன.

ஒலி அமைப்பு

தொடக்கத்தில் லினக்ஸ் கருனி ஓஎஸ்எஸ் எனப்படும் ஒலி இடைமுகத்தைப் பயன்படுத்தியது. யாரொஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கிய ஆல்சா திட்டம் அதற்கு மாற்றாக உருவானது. 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் ஆல்சா முதன்மை ஒலி அமைப்பாக இடம்பெற்றது.

அக்காலத்தில் பல ஒலி அட்டைகள் பல மென்பொருள்களின் ஒலியைத் தாமாகக் கலக்கும் திறனற்றவையாக இருந்தன. ஒரு மென்பொருள் ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஓசையின்றி நின்றன. இதற்குத் தீர்வாக ஒலி வழங்கிகள் தோன்றின. லெனார்ட் பொட்டரிங் உருவாக்கிய பல்ஸ் ஆடியோ, 2007இல் ஃபெடோரா 8 வழங்கலிலும் 2008இல் உபுண்டு 8.04 வழங்கலிலும் இயல்பிருப்பாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், 2021இல் ஃபெடோரா 34 வழங்கலிலும் 2022இல் உபுண்டு 22.10 வழங்கலிலும் அதன் இடத்தைப் பெற்றது.

கொடெக்குகளும் காப்புரிமங்களும்

பதிப்புரிமை ஒரு நிரலின் எழுத்து வடிவத்தைப் பாதுகாக்கிறது. காப்புரிமம் அதன் பின்னுள்ள வழிமுறையைப் பாதுகாக்கிறது. ஒருவர் பிறருடைய நிரலைப் பாராமல் எம்பி3 குறிவிலக்கி ஒன்றைத் தாமே எழுதினால், அந்நிரலின் பதிப்புரிமை அவருக்கே உரியது. எனினும் அவ்வழிமுறைக்குக் காப்புரிமம் உள்ள நாட்டில், உரிமையாளரின் இசைவின்றி அதை வழங்க இயலாது.

எம்பி3 தொடர்பான காப்புரிமங்கள் பலவற்றை ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனமும் பிரான்சின் தாம்சன் நிறுவனமும் கொண்டிருந்தன. படி ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறும் முறை கட்டற்ற மென்பொருளுக்குப் பொருந்தவில்லை. கட்டற்ற மென்பொருளை எவரும் படியெடுத்துப் பிறருக்கு அளிக்கலாம். எத்தனை படிகள் உள்ளன என்று கணக்கிட இயலாது. மேலும், பெறுவோர் அனைவரும் கட்டணமின்றி மறுவழங்கல் செய்வதைக் காப்புரிமம் தடுக்குமாயின், அந்நிரலை வழங்கவே கூடாது என்று குனூ பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு விதிக்கிறது.

இதன் விளைவாக ரெட் ஹாட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ரெட் ஹாட் லினக்ஸ் 8.0 வழங்கலிலிருந்து எம்பி3 ஆதரவை நீக்கியது. ஃபெடோரா வழங்கலும் இக்கொள்கையைப் பின்பற்றியது. 2016 நவம்பரில் எம்பி3 கோப்புகளை இயக்கும் வசதியை ஃபெடோரா சேர்த்தது. 2017 ஏப்ரலில் பிரான்ஹோபர் தன் எம்பி3 உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்ட பின் எம்பி3 கோப்புகளை உருவாக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது.

டிவிடி மறைகுறியாக்கம்

வணிக டிவிடிகளில் பெரும்பாலானவை சிஎஸ்எஸ் எனும் முறையில் மறைகுறியாக்கம் செய்யப்பட்டவை. பயனர் விலை கொடுத்து வாங்கிய வட்டாயினும், உரிமம் பெற்ற இயக்கியில்தான் அதைப் பார்க்கலாம் என்பது இம்முறையின் அடிப்படை.

1999 அக்டோபரில் இம்மறைகுறியை நீக்கும் டீசிஎஸ்எஸ் எனும் நிரல் வெளியானது. இதை உருவாக்கியோருள் ஒருவரான நார்வே நாட்டின் யோன் லெக் யொஹான்சன் அப்போது 15 வயதினர். அவர்மீது தொடரப்பட்ட வழக்கில் 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. தாமே வாங்கிய படங்களைப் பார்ப்பது குற்றமன்று என்பதே அதன் நிலைப்பாடு. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் அமெரிக்காவில், 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ சட்டத்தின் கீழ், ஓர் இதழ் தன் இணையதளத்தில் இந்நிரலை வெளியிடுவதற்கு 2000இல் நீதிமன்றம் தடை விதித்தது.

பிரான்சின் வீடியோலான் திட்டம் இதே பணிக்கென லிப்டிவிடிசிஎஸ்எஸ் எனும் நூலகத்தை வெளியிட்டு வருகிறது. டெபியன், உபுண்டு வழங்கல்கள் இந்நூலகத்தைத் தம் களஞ்சியங்களில் வைப்பதில்லை. மாறாக, அதன் மூலநிரலைப் பதிவிறக்கிப் பயனரின் கணினியிலேயே தொகுக்கும் சிறு பொதி ஒன்றை மட்டும் வழங்குகின்றன.

முதன்மை மென்பொருள்கள்

எஃப்எஃப்எம்பெக்: பப்ரிஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய திட்டம். பெரும்பாலான கொடெக்குகளுக்கான குறிவிலக்கிகளைக் கொண்ட இதன் நூலகங்களைப் பல இயக்கிகள் பயன்படுத்துகின்றன.

எம்பிளேயர்: 2000இல் ஹங்கேரியில் தொடங்கப்பட்டது. கட்டற்ற குறிவிலக்கி இல்லாத வடிவங்களுக்கு, விண்டோஸ் இயங்குதளத்தின் கொடெக் நூலகங்களையே லினக்சில் ஏற்றி இயக்கும் வசதி இதில் இருந்தது. எம்பிவி இதன் வழித்தோன்றல் ஆகும்.

விஎல்சி: பாரிசின் எக்கோல் சென்ட்ரால் மாணவர்களின் திட்டமாக உருவாகி, 2001இல் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியானது.

ஜிஸ்ட்ரீமர்: க்னோம் பணிச்சூழல் பயன்படுத்தும் பல்லூடகச் சட்டகம். இதன் செருகுநிரல் தொகுதிகளில் மூன்று, ஒரு திரைப்படத்தின் பெயரையொட்டி 'நல்லது', 'கெட்டது', 'அசிங்கம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டுள்ளன. 'அசிங்கம்' தொகுதியின் நிரல்கள் தரத்தில் குறைந்தவை அல்ல. வழங்குவதில் சட்டச் சிக்கல் எழக்கூடியவை.

வழங்கல்களின் நடைமுறை

உபுண்டுவில் கட்டுப்பாடுடைய கொடெக்குகள் ஒரே பொதியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. நிறுவுவதா என்பதைப் பயனர் முடிவு செய்யலாம். ஃபெடோரா பயனர்கள் ஆர்பிஎம் ஃபியூஷன் எனும் வெளிக் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்கின்றனர்.

எச்.264 கொடெக்கிற்கு 2013இல் வேறொரு வழி காணப்பட்டது. சிஸ்கோ நிறுவனம் ஓப்பன்எச்264 எனும் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டு, தான் தொகுத்து வழங்கும் படிகளுக்குரிய காப்புரிமக் கட்டணத்தையும் ஏற்றுக்கொண்டது. மூலநிரலிலிருந்து பிறர் தாமே தொகுக்கும் படிகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. 2022இல் ஃபெடோரா, எச்.264, எச்.265 வடிவங்களை மீசா வழியே வரைகலை வன்பொருளில் விரிக்கும் வசதியைச் சட்டக் காரணங்களுக்காக நீக்கியது. எம்பி3இன் காப்புரிமங்கள் முடிந்தபோதிலும் இச்சிக்கல் முற்றிலும் தீரவில்லை என்பதை இது காட்டுகிறது.

கட்டற்ற வடிவங்கள்

கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க வடிவங்களை உருவாக்குவது மற்றொரு தீர்வாகும். 1998இல் எம்பி3 உரிமக் கட்டணம் அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து ஆக் வோர்பிஸ் பணி தீவிரமடைந்து, 2002இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது. ஓப்பஸ் 2012இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. கூகிள் 2010இல் விபி8 கொடெக்கைக் கட்டற்றதாக வெளியிட்டது. பல நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய ஏவி1 2018இல் வெளியானது. இவற்றை லினக்ஸ் வழங்கல்கள் தடையின்றி உடன் வழங்க முடிகிறது.

பொதுவான சிக்கல்கள்

படம் தெரிந்து ஒலி கேட்காவிடில், பிற மென்பொருள்களில் ஒலி கேட்கிறதா என முதலில் பார்க்க வேண்டும். எதிலும் கேட்காவிடில், ஒலி வழங்கி தவறான வெளியீட்டைத் தேர்ந்திருக்கலாம். அக்கோப்பில் மட்டும் கேட்காவிடில், ஒலித் தாரைக்கான குறிவிலக்கி இல்லாதிருக்கலாம். ஒலி கேட்டுப் படம் தெரியாவிடில், பெரும்பாலும் நிகழ்படக் குறிவிலக்கி நிறுவப்படவில்லை எனக் கொள்ளலாம். படம் விட்டுவிட்டு ஓடினால் வன்பொருள் முடுக்கம் செயற்படுகிறதா எனச் சோதிக்க வேண்டும். ஓர் இயக்கியில் இயங்காத கோப்பு மற்றொன்றில் இயங்குமாயின் கோப்பில் பழுதில்லை. முதல் இயக்கி சார்ந்துள்ள செருகுநிரல்களே போதாமல் உள்ளன எனலாம்.