விளம்பரமும் டேட்டாதான் 🧵

1/ 1821 மே 5. மான்செஸ்டர் கார்டியன் தன் முதல் இதழிலேயே, எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு செலவுன்னு அட்டவணை போட்டுச்சு. பத்திரிகைக்கும் டேட்டாவுக்கும் உறவு அவ்வளவு பழசுங்க.

2/ 2024 ஜூன், நம்ம ஸ்ரீபெரும்புதூர். ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகளோட விளம்பரங்களை ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் சேகரிச்சு வெளியிட்டாங்க. கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் வேலையாம்!

3/ சொல்லப்பட்ட காரணங்களில் ஒண்ணு கர்ப்பம். பாகுபாடே இல்லைன்னு நிறுவனம் மறுத்தது. 1976 சம ஊதியச் சட்டத்தைக் காட்டி, மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது.

4/ டாக்டரா சொல்றேன், கர்ப்பம் நோயில்லை. ஒரு விளம்பரம்னா கைத்தவறுன்னு தள்ளிடலாம். பலதைத் தேதியோட அடுக்கினா, அது வழக்கம்னு தெரிஞ்சிடும். இனி இப்படி ஒண்ணு கண்ணில் பட்டா, தேதியோட போட்டோ எடுத்து வைங்க.