தீருதவி: தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அத்தகைய குடும்பங்களுக்கு அரசு இன்னது தந்தே ஆகவேண்டும் என்று சொல்ல அன்று சட்டம் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. நிவாரணத்தை வரையறுத்த விதிகள் 1995இல். அதன்படி, கொலை வழக்கில் முக்கால் பங்குதான் பிரேதப் பரிசோதனைக்குப் பின் கிடைக்கும். மீதிக்குக் கீழமை நீதிமன்றம் தண்டித்தாக வேண்டும். மிரட்டலில் சாட்சி பிறழ்ந்தால் அந்தக் கால் பங்கு போச்சு. ஓய்வூதியம் ‘அல்லது’ வேலை ‘அல்லது’ நிலம், வீடு என்றே இருந்தது.

2016 திருத்தம் இதை மாற்றியது. ரூ.8.25 லட்சத்தில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். ‘அல்லது’ என்பது ‘மற்றும்’ ஆனது.

தோழர்களே, இது கருணைத்தொகை அல்ல. “தீர்ப்பு வரட்டும்” என்று எந்த அதிகாரி சொன்னாலும், விதி 12(4)ஐ எடுத்துக் காட்டுங்கள்.