தெர்மாகோலின் அண்ணன் தம்பிகளும் ஒரு வீட்டு விமானமும்

பள்ளிக்கூட ப்ராஜெக்ட் செய்த யாருக்கும் தெரியும்: தெர்மாகோல் மேல் பெட்ரோல் பட்டால் கரைந்து பசையாகிவிடும். அதே பாலிஸ்டைரின் குடும்பத்து நுரையை வைத்து, கார் ஷெட்டிலேயே, பெட்ரோலில் ஓடும் விமானம் கட்டச் சொன்னார் ஒருவர். பலர் கட்டினார்கள், பறந்தார்கள். அவர்தான் அமெரிக்காவின் பர்ட் ரூட்டன்.

மெல்லிய இரண்டு தகடுகளுக்கு நடுவே லேசான பொருளை வைத்து ஒட்டினால் விறைப்பு பல மடங்கு கூடும். இது பழைய வித்தைதான். 1940-ல் பறந்த பிரிட்டிஷ் மாஸ்கிட்டோவில் பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா மரம். ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவில் தொடங்கி 1957-ல் பறந்த ஃபீனிக்ஸ் கிளைடரில் கண்ணாடி இழைக்கு நடுவே அதே பால்சா. (மாணவர்கள் ஐயா, மாணவர்கள்! நாம் ஏன் பதிவு எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்காதீர்கள்.)

ஆனால் இவற்றுக்கெல்லாம் முதலில் அச்சு வேண்டும். ஒரே ஒரு விமானம் கட்டுகிறவனுக்கு, விமானத்தைவிட அச்சுதான் பெரிய வேலை. ரூட்டன் அதைத் தலைகீழாகப் போட்டார். நடுவில் இருக்கும் நுரையையே இறக்கை வடிவத்தில் வெட்டி, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் நனைத்துப் போர்த்திவிட்டார். அச்சே உள்ளே தங்கிவிடுகிறது! கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் அவர் கட்டிய வேரிஈஸி 1975 மே மாதம் பறந்தது. 1976-ல் வரைபடங்கள் விற்பனைக்கு வந்தன.

இப்படிச் செய்ததும், எந்த நுரை என்பதுதான் பெரிய கேள்வியாகிவிட்டது.

இறக்கைக்கு நீல நிற ஸ்டைரோஃபோம். நம் ஊர் மணிமணியான தெர்மாகோல் அல்ல, பிதுக்கிச் செய்த கட்டி. கன அடிக்கு 2 பவுண்டுதான் எடை. மின்சாரத்தில் சூடேறிய கம்பியால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். கட்டியின் இரு முனையிலும் இறக்கை வடிவ அட்டங்களை ஆணியடித்து, ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்து, அட்டத்தில் எழுதிய எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே சேர்ந்து இழுப்பார்கள். ஒருவர் முந்தினால் இறக்கை கோணல். பாலியெஸ்டர் ரெசின் இந்த நுரையைத் தின்றுவிடும், அதனால்தான் எபாக்சி.

பெட்ரோல் டேங்க் பக்கம் மட்டும் இந்த நீலக் கட்டிக்கு வேலை இல்லை. மேலே இழை ஒட்டி மூடியாச்சே என்று தோன்றும். ஊசி முனை அளவு ஓட்டை போதும், பெட்ரோல் கசிந்து உள்ளே நுரையைக் கரைத்துவிடும். வெளித்தோல் பளபளவென்று அப்படியே இருக்கும். தாங்க ஒன்றும் இல்லாத தோல், பாரம் ஏறினால் மடங்கிவிடும். எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

ஆகவே அங்கே யூரித்தேன் அல்லது பிவிசி நுரை. யூரித்தேனைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் விரும்பியபடி செதுக்கலாம். ஆனால் சூடு கம்பி மட்டும் அதில் படக்கூடாது. வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். பழக்கதோஷத்தில் நீலக் கட்டியை வெட்டிய அதே கம்பியை எடுத்தால் கதை முடிந்தது. பிவிசி இரண்டையும்விட உறுதி. உடல்பகுதிப் பலகைகளுக்கு அதுதான்.

இந்த விமானங்கள் ஏன் எல்லாமே வெள்ளையாக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக அல்ல. கறுப்பு அடித்தால் வெயிலில் சூடேறி எபாக்சியும் நுரையும் இளகத் தொடங்கும்.

1979-ல் லாங்ஈஸி வந்தது. 1986 டிசம்பரில் எரிபொருள் நிரப்பாமல் 9 நாளில் உலகைச் சுற்றிய வாயேஜரும் ரூட்டன் வடிவமைத்ததுதான், ஆனால் அதில் நீலக் கட்டி இறக்கை இல்லை. கரியிழைக்கு நடுவே தேன்கூடு மாதிரி நோமெக்ஸ் காகிதம். அதற்குச் சூட்டடுப்பும் அச்சும் வேண்டும், கார் ஷெட்டில் நடக்காது. வீட்டில் கட்டுகிறவர்களுக்கு வரைபடம் விற்பதை அவர் 1985-லேயே நிறுத்திவிட்டார். அதற்கு முன் விற்ற தாள்களை விரித்து வைத்துக்கொண்டு, பிறகும் பல வருடங்கள் கம்பியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.