சாந்தன்பாறையில் ஒரு வீடு கட்டணும்னா...

வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் வீட்டில்தான் வந்து நிற்கும். தேனி, போடி, கம்பம் பக்கத்துக்காரர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். "ரிட்டயர் ஆனதும் மலையில ஒரு சின்ன வீடு" என்பார்கள். மலை என்று அவர்கள் சொல்வது போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி, சாந்தன்பாறை பக்கம். அங்கே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருப்பார். "இருபது சென்ட் விலைக்கு வருது மாப்ளே, வாங்கிப் போடு" என்று போன் வரும்.

அந்த இருபது சென்ட்டுக்குப் பின்னால் நூற்றி இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அது தெரியாமல் அஸ்திவாரம் தோண்டக்கூடாது என்பதால்தான் இந்தப் பதிவு.

கதை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தொடங்குகிறது. ஏலக்காய்க்கு நிழல் வேண்டும். அதனால் காட்டை முழுசாக வெட்டாமல், மரத்தை விட்டுவிட்டு அடியில் ஏலம் போட்டார்கள். 1897-ல் சமஸ்தானம் இந்தப் பகுதியை ஏலமலைக் காடு என்று அறிவித்தது. அதன் பரப்பு எவ்வளவு என்பதில் இன்று வரை சண்டை. 15,720 ஏக்கர்தான் என்கிறது கேரள அரசு. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறார்கள் சுற்றுச்சூழல் வழக்குப் போட்டவர்கள். முன்னால் ஒரு '2' இருக்கிறதா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடு தொங்கிக்கொண்டிருக்கிறது! போதாக்குறைக்கு, நிலம் வருவாய்த்துறை கையில், அதில் நிற்கும் மரம் வனத்துறை கையில்.

தோட்டத்தில் வேலை செய்யக் கீழேயிருந்து ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுக்கு வீடு என்று கிடைத்தது லயம். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக அறைகள். 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை இருக்கும் வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், அல்லது பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர வேண்டும்.

சரி, சொந்த நிலம் யாருக்குக் கிடைத்தது? 1950-களில் திருவிதாங்கூர்-கொச்சி அரசு மலைக் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. கீழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஐந்தைந்து ஏக்கர் கொடுத்தார்கள். முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையின் பெயரில் 'பட்டம் காலனி' என்ற ஊரே இருக்கிறது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று தமிழர்கள் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. மக்கள்தொகைக் கணக்கை மாற்றத்தான் இந்தத் திட்டம் என்று தமிழர் தரப்பு அன்றும் சொன்னது, இன்றும் சொல்கிறது. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாறியபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. ஏலமலை அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

அதன் பிறகு வந்ததுதான் 1964-ஆம் வருஷ நிலப் பதிவு விதிகள். இன்று மலையில் பலர் கையில் இருக்கும் பட்டயம் இந்த விதியில் கொடுத்தது. அரசு நிலத்தை எதற்குக் கொடுக்கலாம் என்று விதியே சொல்லிவிட்டது: சொந்த விவசாயம், குடியிருக்க வீடு, பக்கத்து நிலத்துக்கான உபயோகம். கடை, லாட்ஜ், ரிசார்ட் எதுவும் அதில் இல்லை. 1977 ஜனவரி 1-க்கு முன்பே வன நிலத்தில் குடியிருந்தவர்களுக்காக 1993-ல் தனி விதி வந்தது. ஆக, பட்டயம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. எந்த வருஷத்து விதி, என்ன நோக்கம் என்று பார்க்க வேண்டும்.

பல வருஷம் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 2019 ஆகஸ்ட் 22-ல் இடுக்கிக்கு அரசு உத்தரவு வந்த பிறகுதான் சூடு பிடித்தது. நிலம் எந்த நோக்கத்துக்குக் கொடுத்தது என்று கிராம அதிகாரி சான்று தந்தால்தான் கட்டட அனுமதி. 2023 ஆகஸ்டில் சாந்தன்பாறையிலேயே கட்டிக்கொண்டிருந்த மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகத்தின் வேலையை நிறுத்தச் சொன்னது கேரள உயர்நீதிமன்றம். ஆளும் கட்சிக்கே அந்த நிலைமை என்றால் நம்மைப் போன்றவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். 2023 செப்டம்பரில் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. 2024 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஏற்கெனவே நடந்த மீறல்களை முறைப்படுத்த அரசுக்கு அதில் வழி உண்டு. அதே 2024 அக்டோபரில் ஏலமலைக் காட்டில் புதுப் பட்டயம் கொடுக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

"நம்ம நாட்டில்தான் இப்படி" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு ஐரோப்பியக் கதை. ஸ்பெயினில் மத்தியதரைக் கடலை ஒட்டிய அல்மேரியா மாகாணத்தில் வேரா என்று ஒரு ஊர். ஓய்வுக்காலத்தை வெயிலில் கழிக்க வந்த ஒரு ஆங்கிலேயத் தம்பதி, நகராட்சி அனுமதியோடு அங்கே வீடு கட்டினார்கள். அது கட்டடம் எழுப்பக்கூடாத நிலம், அனுமதியே செல்லாது என்றது மேலே இருந்த ஆந்தலூசியா மாநில அரசு. 2008 ஜனவரியில் புல்டோசர் வந்து வீட்டை இடித்தது. கையில் அனுமதிக் கடிதம் இருந்தும் பயனில்லை. நிலத்தின் வகைதான் ஜெயித்தது.

ஆகவே ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் பட்டயத்தின் நகலைக் கேளுங்கள். 1964-ஆ, 1993-ஆ, ஏலக் குத்தகை நிலமா என்று பாருங்கள். நீங்கள் குடியிருக்க வீடு என்பது வேறு. "நாம இல்லாத மாசத்தில் ஹோம்ஸ்டேவுக்கு விடலாமே" என்பது வேறு. அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தும், இந்த இடத்தில் வேண்டாம், அந்த மேட்டில் வீடு கட்டிக்கொள்கிறோம் என்று சொல்ல அவர்கள் பெயரில் ஒரு சென்ட் இல்லை. நமக்கு அந்த மலையில் இரண்டாவது வீடு ஆசை. அவர்கள் இன்னும் முதல் வீட்டுக்கே பட்டயம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.