ஷூ கடிக்குதா?

டவுண் ரத வீதியில கல்யாணத்துக்கு லெதர் ஷூ எடுக்கப் போறீங்களா மக்களே? ஒரு வேலூர் கதையைக் கேட்டுட்டுப் போங்க.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதம் ஏன் புண்ணாகிறது என்று தேடினார். நரம்பு மரத்துப்போனதால் செருப்பு கடிப்பதே அவர்களுக்கு உறைக்கவில்லை! மெத்தென்ற ரப்பர் செருப்பு கொடுத்தார்கள்.

1966-ல் அமெரிக்கா போனார். அந்தப் பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களையும் காப்பாற்றியது.

அதனால, கால் லேசா வீங்கியிருக்கிற சாயங்காலத்துல போய் எடுங்க. நின்னு பாருங்க; நீளமான விரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேணும். கூர்மூக்கு வேண்டாம். 'போடப் போடச் சரியாயிடும்'னா நம்பாதீங்க.

சுகர் இருந்தா, தினமும் ஷூவுக்குள்ள கைவிட்டுத் தடவிட்டுப் போடுங்க. கல் கிடந்தாலும் கால் சொல்லாது.