சாரமும் சட்டமும்

1932 செப்டம்பர் 20ஆம் நாள் நியூயார்க்கில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். ராக்ஃபெல்லர் மையத்தின் 69ஆம் மாடியில், அந்தரத்தில் நீளும் எஃகு விட்டத்தின்மீது பதினொரு தொழிலாளர்கள் வரிசையாக அமர்ந்து மதிய உணவு உண்கிறார்கள். இடுப்பில் கயிறில்லை, கீழே வலையில்லை. கட்டடத்தின் விளம்பரத்துக்காகத் திட்டமிட்டு எடுக்கப்பட்ட படம் அது. அவர்களின் துணிவை வியந்து நாம் கடந்துவிடுகிறோம். உயரத்தில் வேலை செய்பவரின் உயிருக்கு அவருடைய துணிவைத் தவிர வேறு காவலும் வேண்டும் என்று கருதிய சட்டமொன்று, அதே மாநிலத்தில் 47 ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது.

வானளாவிகளின் வரலாறு பெரும்பாலும் சிக்காகோவின் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்திலிருந்து தொடங்கப்படுகிறது. பத்து மாடிகள் கொண்ட அக்கட்டடம் முடிந்தது 1885இல். அதே ஆண்டில்தான் நியூயார்க் சட்டமன்றம் சாரச் சட்டத்தை இயற்றியது. சாரங்களிலிருந்து விழுந்து தொழிலாளர்கள் மாண்ட செய்திகள் நாளேடுகளில் தொடர்ந்து வெளிவந்ததே அதற்குக் காரணம். கட்டடம் எழுப்பவும் பழுது பார்க்கவும் வண்ணம் பூசவும் தகுதியற்ற சாரத்தை அமைத்துத் தருவது குற்றமாயிற்று. பின்னர் விரிவடைந்த அதன் விதிகள் எளிமையானவை: 20 அடிக்கு மேற்பட்ட சாரத்துக்குத் தடுப்புக் கம்பி வேண்டும், தன்மீது ஏற்றப்படும் உச்ச எடையைப் போல் நான்கு மடங்கைச் சாரம் தாங்க வேண்டும்.

விதிகளைவிடக் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. விழுந்தால் பொறுப்பு யாருடையது? தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்பது வேலை கொடுப்போரின் வழக்கமான விடை. ஏணி சறுக்கி விழுந்த சன்னல் துடைப்பாளர் ஒருவரின் வழக்கில், அந்த விடை இச்சட்டத்தின்கீழ் செல்லாது என 1948இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பலகையையும் கயிற்றையும் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். அவற்றின்மீது நிற்பவர் வேறொருவர். அந்த இடைவெளியைச் சட்டம் கண்டுகொண்டது என்றே நாம் கருதுகிறோம். 1969இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வேலையை நேரடியாக மேற்பார்க்காத கட்டட உரிமையாளரும் தலைமை ஒப்பந்ததாரரும்கூட இனிப் பொறுப்பேற்க வேண்டும்.

எதிர்ப்பும் தொடர்ந்தது. இச்சட்டத்தால் காப்பீட்டுச் செலவு பெருகுகிறது என்கிறார்கள் கட்டுமானத் துறையினர். 1907இல் இதைப் போன்றதொரு சட்டம் இயற்றிய இல்லினாய் மாநிலம், 1995இல் அதனை நீக்கிவிட்டது. வானளாவிகள் பிறந்த சிக்காகோ இருப்பது அம்மாநிலத்தில்தான் என்பது கவனிக்கத்தக்கது. நியூயார்க் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பளிப்பதில்லை. தகுந்த சாதனங்கள் இருந்தும் முற்றிலும் தொழிலாளியின் செயலாலேயே விபத்து நேர்ந்தால் இழப்பீடு இல்லை என்று 2003இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

செலவைப் பற்றிய வாதத்தை நாம் புறந்தள்ள வேண்டியதில்லை. ஆனால் அச்செலவை உரிமையாளர் ஏற்காவிட்டால் அது மறைந்துவிடப் போவதில்லை. விழுந்தவரின் வீட்டார் அதைச் சுமப்பார்கள்.